நெடியில்லாத பெயிண்ட்

மூன்றாம் மாடி அறையில் ஜன்னல்களெல்லாம் திறந்து கிடக்கின்றன. பெயிண்ட் அடித்து நாலு நாளான சுவரில் மதிய வெயில் வழுக்குகிறது. பசுமைக் கட்டடச் சான்றிதழுக்காக வந்திருக்கும் ஆய்வாளர், மூலையில் அடுக்கிய காலி டப்பாக்களைக் குனிந்து படிக்கிறார்: நெடியில்லாதது, உடம்புக்குக் கெடுதலில்லாதது. அவை கீழ்த்தளத்தில் தீர்ந்தவை. புதுச் சரக்கு வரத் தாமதமானதும் இங்கே சாதாரண பெயிண்டை இந்த டப்பாக்களில் ஊற்றிக் கொடுத்து அடிக்க வைத்தது, பக்கத்தில் கோப்போடு நிற்கும் பெண் இன்ஜினியர்தான். தரையில் சிந்திய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருக்கும் பெயிண்டர் அக்கா முந்தானையால் வாயைப் பொத்தி இருமுகிறாள். கண்கள் சிவந்திருக்கின்றன.

“ஏம்மா, பெயிண்ட் ஒத்துக்கலையா?” என்கிறார் ஆய்வாளர்.

“ஐயோ, அதெல்லாம் இல்லீங்க சார். இது ஒண்ணும் பண்ணாதுன்னு மேடமே சொன்னாங்க. எனக்குத்தான் இந்தச் சளி விடவே மாட்டேங்குது.”

அவர் தலையாட்டி, தாளில் சரி என்று குறிக்கிறார். இன்ஜினியரின் தொண்டைவரை உண்மை வருகிறது. பேனா அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

“தண்ணி குடிக்கிறீங்களாக்கா?” என்று மட்டும் கேட்கிறாள்.

“இங்க இதையெல்லாம் கேக்குறது நீங்க ஒருத்தர்தான் மேடம்” என்று சிரிக்கிறாள் அக்கா. சிரிப்போடு இருமலும் வருகிறது.