கில்லிஸைத் துரத்துங்க!

"முன்னேறியிருக்கா? எங்க முன்னேறியிருக்கு? சொல்லுங்க தம்பி, எங்க?"

லாக்லன் ஹெட்போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். துறைமுகத் தெரு எஃபியம்மா வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவன் ரேடியோவில் ஐஸ் ஹாக்கி அரட்டை நிகழ்ச்சியை ஆரம்பித்தால், முதல் போன் அவருடையதுதான். இந்த சீசனில் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

"எஃபியம்மா, போன வருஷம் நம்ம சீல்ஸ் டீம் அறுபது மேட்ச்ல ஜெயிச்சது பதினேழு. இந்த வருஷம் முப்பத்திரண்டு! இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"எதிர் டீமுக்கெல்லாம் காய்ச்சல். அதான் ஜெயிச்சாங்க."

"முப்பத்திரண்டு தடவையுமா?"

"இந்த வருஷம் குளிர் அதிகம் தம்பி. கோல்கீப்பர் நல்ல பையன், அவனைச் சொல்லல. அந்தக் கோச் கில்லிஸ் ஒண்ணுத்துக்கும் ஆகாதவன். நம்ம பையன் அடிபட்டுப் பனியில விழுந்து கிடக்கான், இவன் சூயிங்கம் மென்னுக்கிட்டு டையைச் சரி பண்ணிட்டு நிக்கிறான். வெளியூர்க்காரன்தானே, அவனுக்கென்ன! நாளைக்கே மூட்டை கட்டச் சொல்லுங்க!"

அந்த 'நாளைக்கு'தான் லாக்லனை உறுத்தியது. கில்லிஸை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று அணியின் முதலாளி மக்டூகல் முடிவு செய்யப்போவது நாளைக்குத்தான். மீன் பதப்படுத்தும் ஆலை வைத்திருக்கும் மக்டூகலுக்கு மீனைப் பற்றித் தெரியும், ஹாக்கியைப் பற்றித் தெரியாது. வண்டியில் உட்கார்ந்து இந்த நிகழ்ச்சியைக் கேட்பார். ஊர் என்ன சொல்கிறதோ அதைச் செய்வார்.

போன வருஷம் ஊரோடு சேர்ந்து லாக்லனும் கில்லிஸைத் திட்டித் தீர்த்திருந்தான். அந்த மனுஷன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. தோற்ற மறுநாளும் காலை ஆறு மணிக்குப் பையன்களைப் பனியில் இறக்கி ஓட வைத்தான். அதை நினைத்தால் இப்போது லாக்லனுக்கு வெட்கமாக இருந்தது.

"போன வருஷமே பெத்னு ஒரு அம்மா போன் பண்ணாங்க, ஞாபகமிருக்கா எஃபியம்மா? 'கில்லிஸ் நல்ல கோச், ஒரு வருஷம் டைம் குடுங்க'ன்னு தன்மையா சொன்னாங்க. இருபத்தாறு பேர் வரிசையா வந்து அவங்களையும் அவரையும் சேர்த்துக் குதறினோம். பாவம், அதோட அவங்க பேசவே இல்ல. இன்னைக்கு யார் சொன்னது சரி?"

"அந்தப் பெத் ஒரு பைத்தியம்!" என்று சொல்லிப் போனை வைத்தார் எஃபியம்மா.

லாக்லனுக்குக் காது சூடேறியது. அதற்குள் போன் விளக்குகள் வரிசையாக எரிந்தன.

"நான் படகுக்கார ஆலெக். போன வருஷம் கில்லிஸைக் கடல்ல தள்ளணும்னு சொன்னவன் நான்தான். ஆனா இந்தம்மா பேசறது அநியாயம்! முன்னெல்லாம் மேட்சுக்கு நாலு கோல் வாங்கினோம். இப்ப ரெண்டைத் தாண்டறதில்ல. கண்ணு தெரியலையா அவங்களுக்கு?"

"நான் ஸ்கூல் பஸ் ஓட்டுற மொராக். டை கட்டினா ஒரு குத்தமா? எங்க வீட்டுக்காரர் கல்யாணத்துக்குக்கூட டை கட்டல. கில்லிஸ் மேல கை வச்சா சீசன் டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுருவேன்!"

பல் டாக்டர் வந்தார். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர் வந்தார். கில்லிஸின் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவர்களெல்லாம் அவனுக்காகக் கொதித்தார்கள். கடைசியாக ஒரு கரகரத்த குரல்.

"நான் மக்டூகல். ஒரு மணி நேரமா வண்டியை ஓரங்கட்டிட்டுக் கேட்டுட்டிருக்கேன். அந்தம்மா பேச்சைக் கேட்டு நான் கோச்சை மாத்தினேன்னு ஒரு பய சொல்லக் கூடாது. நாளைக்கு எதுக்கு, இப்பவே சொல்றேன். கில்லிஸுக்கு இன்னும் மூணு வருஷம்!"

லாக்லன் மேஜையைக் குத்திக் கொண்டாடினான். ஆனாலும் மனசு ஆறவில்லை. ஒரு நல்ல மனுஷனின் பிழைப்பில் வாரா வாரம் மண்ணள்ளிப் போட்ட அந்த அம்மாவிடம் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காவிட்டால் சாப்பாடு இறங்காது. நிகழ்ச்சி முடிந்ததும், நிலையத்துப் போனில் பதிந்திருந்த எண்ணைத் தேடி அழுத்தினான்.

எடுத்தது ஓர் ஆண் குரல். "ஹலோ?"

"ரேடியோவிலேர்ந்து லாக்லன் பேசறேன். எஃபியம்மாவைக் கூப்பிடுங்க."

"எஃபியா? இங்க அப்படி யாரும் இல்லையே. லாக்லன், நான் கோச் கில்லிஸ். இப்பத்தான் பயிற்சி முடிஞ்சு வீட்டுக்குள்ள வரேன். மக்டூகல் எதையோ ரேடியோல சொன்னாராமே, நிஜமா?"

லாக்லன் போனில் பதிந்திருந்த எண்ணை மறுபடி பார்த்தான். "அந்த நம்பர்லேர்ந்துதானே..."

"யாருப்பா அது? குடு இங்க. நீ போய் முதல்ல ஈர பூட்ஸைக் கழட்டு. மீன் கட்லெட் ஆறுது," என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் லாக்லனுக்கு நன்றாகத் தெரியும். போன் கை மாறியது. ஏதோ ஒரு கதவு சாத்தப்பட்டது.

"மெல்லப் பேசு தம்பி, எம் புள்ளைக்கு எதுவும் தெரியாது," என்று கிசுகிசுத்தார் எஃபியம்மா. "போன வருஷம் பெத்னு அவனைப் புகழ்ந்து பேசி வாங்கிக் கட்டிக்கிட்டதும் நான்தான். டீமை விடு, நான் எவ்வளவு முன்னேறியிருக்கேன் பாத்தியா?"