சிம்மாசனத்துத் தூசி

"இந்தச் சிம்மாசனத்துல எவனோ தினமும் உக்காந்து எந்திரிக்கிறான்! யாருன்னு இப்பவே எனக்குத் தெரியணும்!"

தலைமை அலுவலகத்திலிருந்து திடீர் சோதனைக்கு வந்த மேலதிகாரி போட்ட சத்தத்தில், அருங்காட்சியகத்துக்கு அன்று வந்திருந்த ஒரே பார்வையாளரும் கிளம்பிப் போய்விட்டார்.

"எப்படிங்க ஐயா கண்டுபிடிச்சீங்க?" என்றார் அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த காப்பாளர். ஓய்வு பெற நாலே மாதம் இருக்கிற மனிதர்.

"முதுகு, கைப்பிடி, கால் எல்லாம் விரல்கனம் தூசி. உக்கார்ற இடம் மட்டும் பளபளன்னு இருக்கு. ராஜா செத்து இருநூறு வருஷம் ஆச்சுய்யா! ஆமா, இவ்வளவு தூசியை ஏன் துடைக்கலே?"

"காட்சிப்பொருளை ஊழியர் யாரும் தொடக் கூடாதுன்னு போன வருஷம் நீங்கதான் உத்தரவு போட்டீங்க. தொடாம துடைக்கிற வித்தை எங்களுக்குத் தெரியலீங்க."

மேலதிகாரியின் கோபம், பக்கத்தில் நின்ற காவலாளி அம்மா மேல் பாய்ந்தது.

"ஏம்மா, இந்த ஹாலுக்கு நீதானே காவல்? மகாராணி ஆகணும்னு ஆசையோ?"

"சத்தியமா நான் இல்லீங்க ஐயா."

"அப்போ காலைல பத்துலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரை இந்த இடத்தை விட்டு நகரலைன்னு எழுதிக் கொடு."

அந்த அம்மா இழுத்தார். "மத்தியானம் மட்டும்... ஒரு ரெண்டு மணி நேரம்..."

"அப்படிச் சொல்லு! வேலை நேரத்துல ஊர் சுத்தல். இன்னையோட உன் வேலை போச்சு. சாவியை வை."

இரண்டு பிள்ளைகளைத் தனி ஆளாகப் படிக்க வைக்கிறவர். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்தார்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்மா" என்றார் காப்பாளர். "உக்காந்தது நான்தான் ஐயா."

"நீங்களா! உங்க ரூம்ல மெத்தை வச்ச சுழல் நாற்காலி இருக்கே, அது பத்தலையா?"

"அந்த ரெண்டு மணி நேரம் அதுல இவங்க உக்காந்திருப்பாங்க. நாள் பூரா நின்னு நின்னு கால் தூண் மாதிரி வீங்கிப் போச்சு. 'வேணாங்க, வேணாங்க'ன்னவங்களை நான்தான் விரட்டி அனுப்பிட்டு, இங்க காவல் நிப்பேன். எனக்கும் முட்டி பேச்சைக் கேக்க மாட்டேங்குது. உக்காந்துட்டேன்."

"அதுக்கு இங்க ஒரு ஸ்டூல் போட்டுக்கிட்டா என்ன?"

"காட்சிப்பொருள் தவிர வேற சாமான் ஹாலுக்குள்ள இருக்கக் கூடாதாம். ஒரே ஒரு ஸ்டூல் கேட்டு பதினோரு தடவை எழுதினேன். பதினோரு தடவையும் 'தேவையில்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினது நீங்கதான் ஐயா."

மேலதிகாரி கிளம்பப் பார்த்தார்.

காப்பாளர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார்.

"என் மேல என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுங்க. ஆனா, இது பன்னிரண்டாவது மனு. இப்பவாவது 'சரி'ன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. இந்தாங்க, பேனா!"