கரையில் நின்ற கப்பல்

என் பெண்டாட்டி முத்தாயி முருகனுக்குக் கடன்பட்டிருந்தது ஒரு குடம் பால்.

மகள் திலகாவுக்கு வேலை நிரந்தரமானால் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறிவந்து செலுத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டது. வேலை நிரந்தரமாகி வருடங்கள் ஆயிற்று. பகாவ் ரப்பர் தோட்டத்திலிருந்து பினாங்கு போய்வர லீவும் காசும் எங்களுக்கு ஒருசேர வாய்த்ததே இல்லை.

இப்போது சுற்றுலாக் கப்பலே எங்களைப் பினாங்கில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

ஊர் சுற்றிக் காட்டும் பஸ்களுக்கு டிக்கெட் தரும் மேசைக்கு முன்னால் மூவரும் நின்றோம். மேசைமேல் படங்கள். மலை ரயில், பட்டாம்பூச்சிப் பண்ணை, கடற்கரை, கோயில்.

மகள் யோசிக்கவே இல்லை. கோயில் படத்தில் விரலை வைத்தாள்.

“அம்மாவுக்கு இதான்லா. அப்பா, படியேற முட்டி தாங்குமா?”

முட்டி தாங்கும். போகத்தான் கூடாது.

என் அண்ணன் முனியாண்டி நேற்று மத்தியானம் இறந்துவிட்டார். கூடப்பிறந்தவன் போனால் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை எனக்கும் தீட்டு, என் பெண்டாட்டிக்கும் தீட்டு. கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. அதிலும் பால்குடம் ஏந்திக்கொண்டு.

இவர்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது. நான் சொல்லவில்லை.

போர்ட் கிள்ளானில் கப்பலேறப் பெட்டிகளோடு வரிசையில் நின்றபோதுதான் அண்ணன் மகன் குணாளன் போன் செய்தான். பின்னால் அண்ணி செல்லம்மாவின் அழுகை கேட்டது.

“சித்தப்பா, அப்பா போயிட்டாரு. நாளைக்குப் பதினோரு மணிக்கு எடுக்குறோம். வந்துருங்க.”

முத்தாயி கழிவறைப் பக்கம் போயிருந்தாள். திலகா புதுத் தொப்பி போட்டுக்கொண்டு கப்பலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பாரோயில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, மாதாமாதம் கூட்டுச் சீட்டுக் கட்டி அவள் எங்களுக்காகச் சேர்த்த பயணம். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகிறது.

டாக்சி பிடித்தால் இருட்டுவதற்குள் கோலா கிளாவாங்கில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம்.

“கப்பல் கிளம்பிருச்சுடா,” என்றேன்.

கப்பல் என் கண்ணெதிரே கயிறு போட்டுக் கட்டியபடி நின்றிருந்தது.

குணாளன், “பரவால்ல சித்தப்பா. பாத்துப் போயிட்டு வாங்க,” என்றான். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முத்தாயி முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கப்பலில் ஏறினோம்.

நானும் அண்ணனும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால்மரம் வெட்டினோம். எனக்குக் காய்ச்சல் என்றால் தன் நிரையை முடித்துவிட்டு என் நிரைக்கும் வருவார். பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுச் சுமந்து சுமந்து என் தோள் இன்னும் காய்த்துப்போய்க் கிடக்கிறது. அவரைத் தூக்கவேண்டிய நாளில் அந்தத் தோளில் மகளின் பீச் துண்டு கிடந்தது.

நேற்று ராத்திரி கப்பல் சாப்பாட்டில் நண்டு, இறால், ஆட்டுக்கறி. நான் வெறும் சோறும் தயிரும் எடுத்துக்கொண்டேன். முத்தாயி வயிறு சரியில்லை என்று ரொட்டியும் பழமும் தின்றாள். திலகா தலையில் அடித்துக்கொண்டாள்.

“காசு கட்டிக் கூட்டிட்டு வந்தா, ரெண்டும் பேறுகாலம் பாத்த மாதிரி பத்தியம் இருக்கீங்க!”

மேசைக்குப் பின்னாலிருந்த பெண் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கோயில் என்று எழுதிவிட்டால், தெரியாமல் தப்பு செய்யப்போவது முத்தாயி. தெரிந்தே செய்ய வைத்தவன் நான். சொல்லிவிட்டால் திலகா இங்கேயே உட்கார்ந்து அழுவாள், பெரியப்பா பெரியப்பா என்று.

வாயைத் திறந்தேன்.

“இங்க போவோம்,” என்று முத்தாயி கடற்கரைப் படத்தைத் தொட்டாள்.

“என்னாம்மா! வேண்டுதலு?”

“மலை எங்க ஓடிப் போவுது? அடுத்த வருசம் ஏறிக்கிறேன். ஒரு நாளாச்சும் கடல்ல குளிக்கிறேனே.”

“சேலையோடயா?”

“பின்ன? உன்னய மாதிரி அரைக்கால் ஜட்டியோடயா?”

மேசைப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

நான் தப்பித்தேன். தப்பித்தேன் என்று நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். எத்தனை வருட வேண்டுதலை இவள் எதுவும் தெரியாமல் விட்டுக்கொடுத்துவிட்டாள்.

கடற்கரையில் திலகா இளநீர் வாங்கப் போனாள். நான் மணலில் உட்கார்ந்து போனில் மணி பார்த்தேன். பதினொன்று ஆகப்போகிறது. அங்கே வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருப்பார்கள்.

முத்தாயி கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தாள். இடுப்பளவு ஆழத்தில் நின்றாள். அலையைப் பார்க்கவில்லை. தெற்கே திரும்பினாள். மூன்று முறை தலை முழுகினாள்.

ஆசைக்குக் குளிக்கிறவர்கள் அப்படி முழுகுவதில்லை.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். நானும் முழுகி எழுந்தேன்.

அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

“நேத்து நான் முகம் கழுவப் போனப்ப செல்லம்மா அக்கா எனக்கும் போன் பண்ணுச்சு. கொழுந்தனாரு கப்பல் கிளம்பிருச்சுங்குறாரே, நெசமான்னு கேட்டுச்சு.”

“என்னா சொன்ன?”

“நானுந்தான கரையில நின்னேன்,” என்றாள். “ஆமான்னுட்டேன்.”

மணலிலிருந்து திலகா கத்தினாள். ஒரு கையில் இளநீர், ஒரு கையில் போன்.

“ரெண்டு பேரும் இங்க பாருங்க! சிரிங்கலா!”

திரும்பினோம். அண்ணனை இந்நேரம் எடுத்திருப்பார்கள்.

சிரித்தோம்.