விரிப்பின் மறுமுனை

ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எனக்கு எதிர்முனையைப் பிடித்துவந்த அக்கா போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். அதன் பிறகும் நான் விரிப்பை எடுத்தால் அந்த முனை தானாக உயர்ந்து விறைக்கும். செத்தும் அவள் கைதான் வேகம். எனக்கு வயிறு எரியும்.

“அறுபத்தெட்டாச்சு, இனிமே அரை நாள் வந்தா போதும்மா,” என்றார் மேற்பார்வையாளர்.

“அக்கா மட்டும் கடைசி வரைக்கும் முழு நாள் பாத்தாங்களே?”

“அவங்களோட உங்கள ஒப்பிடாதீங்க.”

மதியம் வீட்டுக்குக் கிளம்பியவள், மறந்துவிட்ட கண்ணாடிக்காகத் திரும்பினேன். கூடத்தில் ஆளே இல்லை. விரிப்பு ஒன்று இருமுனையும் விறைத்து அந்தரத்தில் நின்றது. பாதியாக மடிந்தது, மறுபடி பாதியானது. எங்கள் மடிப்பில் ஒருநாளும் விளிம்புகள் இத்தனை கச்சிதமாகச் சேர்ந்ததில்லை.

“யாருக்கா அவ, என் முனையில?” என்றேன்.