முதல் வரிசைச் சீட்டு

"அண்ணே, ‘வீட்ல நான் மட்டும் வேற மாதிரி, என்னை ஏத்துக்குவாங்களா?’ன்னு சீட்டு போட்டது யாரு?"

"முதல் வரிசைப் பொண்ணு. அப்பா அம்மாகிட்ட சைகையிலயே பேசிட்டிருக்கு பாருங்க. உருகுற மாதிரி எழுதுங்க, இருக்கறது அஞ்சே நிமிஷம்."

சீட்டைப் பற்றிக் கேட்டவர், பார்வையாளர்கள் தரும் தலைப்புக்கு மேடையிலேயே கவிதை எழுதும் பெண் கவிஞர். நிகழ்ச்சி அமைப்பாளர் சொன்னபடியே விறுவிறுவென எழுதினார். ‘காது கேட்காவிட்டால் என்ன, உன் விரல்கள் பேசும்’ என்று முடித்து, மைக்கில் வாசித்துவிட்டு, தாளை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அரங்கமே கைதட்டியது.

அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"கோச்சுக்காதீங்க அக்கா. அவங்களுக்குத்தான் கேக்காது, எனக்கு நல்லாவே கேக்கும். நான் பாட்டு கிளாஸ்ல சேர்ந்தே தீரணும். அதை இவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இங்க இழுத்துட்டு வந்தேன்."

கவிஞருக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விடவில்லை, வேறு தாள் எடுத்தார்.

‘என் பாட்டு உங்களை விட்டுப் போகாது. தொண்டையில் கை வையுங்கள், தட்டுப்படும்.’

அவள் அதை அப்படியே சைகையில் சொன்னாள். அம்மா, அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்து, மகளின் தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

நீங்களே சொல்லுங்க, இனிமே அவ பாடாம இருக்க முடியுமா?