வெறுந்தறி

நூலில்லாத விசைத்தறியை ஓடவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு செல்போனைக் காதில் வைத்தான்.

ஈரோட்டு வியாபாரி எடுக்கவில்லை.

மறுபடி அடித்தான்.

அவர் நூல் அனுப்பினால்தான் தறி ஓடும். தறி ஓடுகிற பட்டறைக்குத்தான் அவர் நூல் அனுப்புவார். இவன் பட்டறையில் எட்டுத் தறியும் நின்று ஒன்பது மாதம் ஆகிறது. சத்தமாவது அவர் காதில் விழட்டும் என்று ஒரு யோசனை.

ஒன்று போதும் என்று நினைத்துவிட்டான். ஒரு தறி போடுகிற கூச்சலே காதைப் பிய்க்கும். பொய்யைக்கூடக் கரண்ட் பில் பார்த்துத்தான் சொல்லத் தெரியும் அவனுக்கு.

மூன்றாவது தடவையும் எடுக்கவில்லை.

நிமிர்ந்தபோது வாசலில் பாவாயி நின்றாள்.

கையில் சோற்றுத் தூக்குப்போசி. மூச்சு வாங்கியது. பதினோரு வருடம் இங்கே தறி ஓட்டியவள். நூல் வரத்து நின்றபோது அவன் வேலையை விட்டு அனுப்பியவர்களில் கடைசி ஆள்.

"சத்தங் கேட்டுச்சுங். மெஸ்ஸுல இனி வேலைக்கு வரலீன்னு சொல்லிப்போட்டு ஓடியாந்துட்டனுங்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். போசியை ஜன்னல் மேட்டில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தறிக்குப் பக்கத்தில் வந்தாள்.

பார்த்தாள்.

பாவு இல்லை. ஊடை இல்லை. பேருக்குக்கூட ஓர் இழை நூல் இல்லை. வெறும் கட்டையும் இரும்பும் அடித்துக்கொண்டிருந்தன.

அவள் சிரிப்பு எப்போது நின்றது என்று அவன் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. உடம்பெல்லாம் கூசியது. திருடிப் பிடிபட்டிருந்தால்கூட வாயைத் திறந்து எதையாவது உளறியிருப்பான். மெஸ்ஸில் அவள் இடத்துக்கு இந்நேரம் வேறு ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள்.

போன் அடித்தது.

வியாபாரிதான்.

எடுக்காமல் இருக்க அவனால் முடியவில்லை. அதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

"நல்லா ஓடுதுங்க. எட்டும் ஓடுதுங்க. நாளைக்கு ரெண்டு தறி காலியாகுது, நூல் வேணும், அதானுங்க கூப்பிட்டேன்." அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கத்தினான்.

அந்தப் பக்கம் வியாபாரி குறுக்கிட்டார்.

"ஏனுங்க, ஒரு தறிச் சத்தந்தான கேக்குது?"

போனைத் தறிக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

முதுகுக்குப் பின்னால் இன்னொரு தறி கிளம்பியது.

திரும்பினான். பாவாயி அடுத்த தறிக்குப் போய்க்கொண்டிருந்தாள். சுவிட்சைப் போட்டு, கைப்பிடியைத் தள்ளினாள். அதற்கடுத்தது. அதற்கும் அடுத்தது. அவசரமில்லாமல், தினமும் காலையில் செய்கிற வேலையைப் போலவே செய்தாள்.

எட்டாவதும் ஓடியது. கூரைத் தகரம் அதிர்ந்தது. அவள் அங்கேயே நின்றுவிட்டாள். அவன் பக்கம் பார்க்கவில்லை.

"இப்பக் கேக்குதுங்களா?" என்றான். தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டான்.

வியாபாரி ஏதோ பதில் சொன்னார். தருகிறேன் என்றாரா, மாட்டேன் என்றாரா, இந்த இரைச்சலில் பிடிபடவில்லை.

நிறுத்தச் சொல்லி அவளுக்குக் கை காட்ட வேண்டும்.

கை எழவில்லை.