பட்டியலில் தப்பியவர்

"நீலச் சட்டை! நீங்கதானே? உக்காருங்க, உக்காருங்க. நான்தான் அந்தப் பல் டாக்டர். உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

காபிக் கடையின் மூலை மேசைக்கு வந்து நின்ற இளைஞன், "இல்லீங்க, நான் இங்க…" என்று இழுத்தான். பல் டாக்டர் விடவில்லை. வாயைத் திறந்தவர்களைப் பேசவிடாமலே நாள் முழுக்க வேலை பார்த்துப் பழகியவள் அவள். அவனை உட்காரவைத்து, அவனுக்கும் சேர்த்துக் காபி சொல்லிவிட்டாள்.

வந்து குவிந்த வரன்களைச் சலித்தெடுக்க அவளே ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியிருந்தாள். இணையத்தில் பார்த்துப் பார்த்துக் கற்ற ஜாவாஸ்கிரிப்ட். அழகில் மயங்கிவிடக் கூடாதென்று போட்டோ, பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒவ்வொருவரையும் வெறும் நம்பராக வைத்திருந்தாள். இன்று வரவேண்டியவருக்கு நீலச் சட்டை ஒன்றுதான் அடையாளம்.

இன்றைய சந்திப்பும் சரிவராவிட்டால் மாப்பிள்ளை தேடும் வேலையை அத்தையிடம் ஒப்படைத்துவிடுவதாக அம்மா மிரட்டியிருந்தாள். அத்தை மனத்தில் இருந்த வரனின் பற்களை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"கோட் எழுதறேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சாஃப்ட்வேரா? சரி, வீட்டுல பூனை கீனை…"

"ரெண்டு இருக்கு."

"குளிக்கும்போது பாடுவீங்களா?"

"பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டற வரைக்கும்."

அடக் கடவுளே! இவை மூன்றில் எது இருந்தாலும் ஆளைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிடச் சொல்லித்தானே அவள் எழுதியிருந்தாள்? "மூணும் இருக்கு! அப்புறம் எப்படி என் லிஸ்ட்லேர்ந்து தப்பிச்சு வந்தீங்க?"

"எந்த லிஸ்ட்?"

மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினாள். அவன் படிக்கப் படிக்கத் தோள் குலுங்கியது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு, கிண்ணத்திலிருந்த சர்க்கரைப் பொட்டலங்களை மேசைமேல் வரிசையாக அடுக்கினான்.

"இவங்கதான் உங்க மாப்பிள்ளைங்க. மூணாவது ஆளைப் பிடுங்குங்க."

பிடுங்கினாள். தொழில்சுத்தமாக, ஒரே இழுப்பில்.

"பல்லுன்னா பிடுங்கின இடம் ஓட்டையாவே இருக்கும். இங்க அப்படி இல்ல. நாலாவது ஆள் நகர்ந்து மூணாவது இடத்துல ஜம்முனு உக்காந்துடுவான்." பொட்டலங்களை நகர்த்திக் காட்டினான். "உங்க லூப்புக்கு, அதான் ஒவ்வொரு இடமா சோதிச்சுக்கிட்டே போற வரிகளுக்கு, அது தெரியல. மூணு முடிஞ்சுதுன்னு நாலாவது இடத்துக்குப் போயிடுது. நகர்ந்து வந்தவனை யாருமே சோதிக்கல."

"ஐயய்யோ! சொத்தைப் பல்லுக்குப் பக்கத்துப் பல்லைப் பாக்காம விட்டிருக்கேனே!"

"கடைசியிலேர்ந்து முன்னால வாங்க. அப்ப நகர்றவங்க எல்லாம் ஏற்கெனவே சோதிச்சவங்களாத்தான் இருப்பாங்க. ஒருத்தரும் தப்ப முடியாது."

அவள் திருத்தினாள். ஓடவிட்டாள். திரையில் நம்பர்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. "போறாங்க, போறாங்க!" என்று அவள் கைதட்டியதில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சட்டென்று கைதட்டல் நின்றது. இன்று வரவேண்டியவரின் நம்பரைக் காணோம்.

"உங்க நம்பரும் போயிடுச்சு," என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"நல்ல புரோகிராம்ங்க," என்றான் அவன். அவன் குரலும் அவ்வளவு தெம்பாக இல்லை.

அவள் சர்க்கரைப் பொட்டலங்களைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மடிக்கணினியைப் பட்டென்று மூடிவிட்டுப் போனை எடுத்தாள்.

"அம்மா! மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கு. அத்தைகிட்ட சொல்லிடு. ஆமா, சாஃப்ட்வேர்தான். இருந்துட்டுப் போகட்டும்மா! பூனையும் இருக்கு, பாட்டும் இருக்கு. நீ அழாம போனை வை!"

எதிரே இருந்தவனுக்குக் காபி புரையேறியது. காது இரண்டும் சிவந்திருந்தன.

போனைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் ஒரு செய்தி வந்து விழுந்தது. 'மன்னிக்கணும். நீலச் சட்டை போட்டுக் கிளம்பி நின்னேன். ஆனா வீட்ல வேற இடத்துல பேசி முடிச்சுட்டாங்களாம். மூலை மேசைல எனக்காகக் காத்திருக்காதீங்க.'

இரண்டு முறை படித்தாள். மெதுவாக நிமிர்ந்தாள்.

"அப்ப… நீங்க யாரு?"

"இந்த மேசைக்குக் கீழதாங்க பிளக் இருக்கு, போனுக்குச் சார்ஜ் போட வந்தேன்… ஆனா அம்மாகிட்ட மாத்திச் சொல்லிடாதீங்க!"